செய்தி வராவிட்டால் என்ன செய்யும்? கார்க் கட்டுப்பாட்டு இலத்திரனியலைத் திருகோணமலையில் மேசைமேல் ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

மடத்தடிச் சந்தியில் சற்று நேரம் நின்றாலே அக்வா, பிரியஸ், வாகன் ஆர் என்று ஹைபிரிட் கார்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். டொயோட்டா அக்வாவின் பின் இருக்கைக்குக் கீழே 144 வோல்ற் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி இருக்கிறது. அது சூடானால் ஒரு விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து அதைக் குளிர்விக்கும். உணரி வெப்பநிலையைச் சொல்கிறது, கணினி முடிவெடுக்கிறது, விசிறி சுழல்கிறது. நாளைய காரின் பிரேக், ஸ்ரியரிங், பற்றரி மேலாண்மை எல்லாமே இந்த வளையத்தின் பெரிய வடிவங்கள்தான்.

இந்த வளையத்தை மேசைமேல் கட்டி, அளந்து, வேண்டுமென்றே உடைத்து, பிறகு உண்மையான காரின் தரவோடு பார்ப்பதற்கான வழி இது. கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மாணவருக்கும், கராஜில் ஸ்கேனர் வைத்து வேலை செய்யும் மெக்கானிக்குக்கும் ஒருபோலப் பொருந்தும். ஒன்றை முதலே மனதில் வையுங்கள்: எல்லாம் சரியாக இருக்கும்போது விசிறியைச் சுழற்றுவது இலகு. வயர் அறுந்தால், செய்தி நின்றால், நிரல் உறைந்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதில்தான் கார் இலத்திரனியலின் முழு வித்தையும் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு தெரிவும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

தேவையான பொருட்கள்

- ஈஎஸ்பி32 போர்ட் (நிரல் எழுதி ஓட்டும் சிறு கணினிப் பலகை) 3
- எஸ்என்65எச்விடி230 கேன் டிரான்சீவர் மொடியூல் (போர்ட்டைக் கேன் இணைப்பு வயரோடு பேச வைப்பது) 3
- 10 கிலோஓம் என்டிசி தெர்மிஸ்டர் (சூடு கூடத் தடை குறையும் உணரி, பீற்றா 3950) 2
- 10 கிலோஓம் தடையி 5. இவற்றுள் 2, ஒரு வீதத் துல்லியமுள்ளவை
- 4.7 கிலோஓம் தடையி 1, 220 ஓம் தடையி 1
- 100 நனோபரட் கொள்ளளவி 2
- 2என்3904 திரான்சிஸ்டர் 1, ஐஆர்எல்இசட்44என் மொஸ்பெற் (சூட்டைப் போட்டு அணைக்கும் இலத்திரனியல் சுவிச்) 1
- அலுமினிய உறையுள்ள 10 ஓம், 25 வாற்றுத் தடையி 1 (இதுதான் நமது "பற்றரிச் சூடு")
- 100 × 100 × 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு
- 4 வயர் உள்ள 12 வோல்ற் கணினி விசிறி
- 75 பாகை செல்சியசில் திறக்கும் வெப்பச் சுவிச்
- 3 அம்பியர் பியூஸ், கூட்டோடு
- பழைய டெஸ்க்டொப் கணினியின் மின்வழங்கி
- ஒரு மீற்றர் நெற்வேர்க் கேபிள், மல்ரிமீற்றர், லப்டொப்

விசிறியும் மின்வழங்கியும் பழுதான டெஸ்க்டொப் ஒன்றிலிருந்தே கிடைத்துவிடும். கணினி திருத்தும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சிறு தடையிகளை ரேடியோ, டிவி திருத்துபவர்கள் வைத்திருப்பார்கள். ஈஎஸ்பி32, டிரான்சீவர் போன்றவற்றைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளிலிருந்து தபாலில் எடுப்பது வழக்கம். ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். ஒரு டிரான்சீவர் எரிந்தால் அடுத்த பொதி வரும்வரை வேலை நின்றுவிடும்.

அந்தக் கணினியின் பெரிய சிபியூ ஹீற்சிங்கை மட்டும் எடுக்க வேண்டாம். அது சூட்டை அளவுக்கு மீறி நன்றாகக் கடத்தும். 14 வாற்று கொடுத்தாலும் சில பாகைதான் ஏறும், கட்டுப்படுத்த ஒன்றும் மிஞ்சாது. மெல்லிய தகடுதான் வேண்டும்.

முதற் படி: மூன்று முனைகளும் ஒரே இணைப்பில்

கார்க் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பை பொஷ் நிறுவனம் 1986 இல் அறிமுகம் செய்தது. இரண்டு வயர்கள்: கேன்-எச், கேன்-எல். யாரும் பேசாதபோது இரண்டும் ஏறத்தாழ 2.5 வோல்ற்றில் நிற்கும். பேசும்போது எச் 3.5 வோல்ற்றுக்கு ஏற, எல் 1.5 வோல்ற்றுக்கு இறங்கும். செய்தியை வாங்கும் பக்கம் இந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. முறுக்கிய வயரில் எஞ்சினின் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரேயளவு ஏறுவதால் வித்தியாசம் மாறாது.

நெற்வேர்க் கேபிளிலிருந்து ஒரு முறுக்கிய சோடியை உருவி எடுங்கள். இரு அந்தங்களிலும் ஒவ்வொரு டிரான்சீவர், நடுவில் மூன்றாவது. ஒவ்வொரு டிரான்சீவரின் டிஎக்ஸ் ஈஎஸ்பி32 இன் 21 ஆம் முனைக்கும், ஆர்எக்ஸ் 22 ஆம் முனைக்கும், மின்சாரம் 3.3 வோல்ற்றுக்கும். மூன்று போர்ட்டின் தரைகளையும் ஒன்றாக இணைக்கவும். (21 ஆம் முனை என்று எண்ணோடு வந்தால் அது போர்ட்டின் கால். உணரி முனை, மூன்றாவது முனை என்றால் இணைப்பிலுள்ள ஒரு முழுப் போர்ட்.)

மின்சாரம் கொடுக்குமுன் எச், எல் இடையே ஓமை அளவுங்கள். கேன் இணைப்பின் இரு அந்தத்திலும் 120 ஓம் தடையி இருக்க வேண்டும் என்பதால் மீற்றர் 60 காட்ட வேண்டும். இந்த மொடியூல்களில் பெரும்பாலும் 120 ஓம் தடையி ஏற்கெனவே ஈயம் வைத்தே வரும், அதன்மேல் 121 என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் மூன்றும் சேர்ந்து 40 ஓம் காட்டும். நடுவிலுள்ளதில் அதைக் கழற்றுங்கள். 120 காட்டினால் ஓர் அந்தம் விடுபட்டிருக்கிறது. ஒரு மீற்றர் மேசை வயரில் ஒரு தடையி இல்லாமலும் எல்லாம் ஓடுவதுபோலத் தோன்றும், அதை நம்பாதீர்கள். வயர் நீள நீளத்தான் தெறிப்பலை வந்து செய்தியைக் கெடுக்கும்.

வேகம் செக்கனுக்கு 500 கிலோபிற். முதல் முனை உணரி, இரண்டாவது கட்டுப்படுத்தி, மூன்றாவது லப்டொப்போடு இருந்து கேட்டுப் பதிவது. கேட்பதை "கேட்பு மட்டும்" முறையில் வையுங்கள். இங்கே பலர் சிக்கும் ஓர் இடம் உண்டு: உணரியையும் கேட்பதையும் மட்டும் இணைத்துச் சோதித்தால் ஒன்றும் சரிவராது. கேனில் அனுப்பிய செய்தியை வேறொரு முனை ஏற்றுக்கொண்டதாகக் குறிக்க வேண்டும், கேட்பு மட்டும் முறையில் உள்ளது அதைச் செய்யாது. அனுப்பும் முனை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் பிழை எண்ணி 128 ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். வயரில் பிழையில்லை, கட்டுப்படுத்தியையும் மின்னில் போட்டால் தீர்ந்தது.

மூன்றாவது முனையிலிருந்து லப்டொப்புக்கு வரும் தொடர் இணைப்பை 921600 வேகத்தில் வையுங்கள். மேசைக்கு 115200 போதும். ஆனால் காரில் செக்கனுக்கு ஆயிரம் செய்தி வரலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்தானால் 115200 அதைத் தாங்காது. விடுபட்ட செய்தி ஆய்வில் பொய்யான முடிவைத் தரும்.

இரண்டாம் படி: வெப்பநிலையைச் சொல்லும் செய்தி

தெர்மிஸ்டரின் ஒரு காலைத் தரைக்கும் மறுகாலை 10 கிலோஓம் துல்லியத் தடையி வழியாக 3.3 வோல்ற்றுக்கும் கொடுத்து, நடுப்புள்ளியை உணரிப் போர்ட்டின் 34 ஆம் முனையில் வாசியுங்கள். இரண்டாவது தெர்மிஸ்டர் அதேபோல 35 இல். இந்த முனைகள் ஈஎஸ்பி32 இன் முதலாவது அனலொக் மாற்றியை (வோல்ற்றளவை எண்ணாக்கும் பகுதியை) சேர்ந்தவை. இரண்டாவது மாற்றி வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. நடுப்புள்ளிக்கும் தரைக்கும் இடையே 100 நனோபரட் கொள்ளளவி வையுங்கள், 64 வாசிப்புகளின் சராசரியை எடுங்கள், மில்லிவோல்ற்றில் திருத்திய வாசிப்பைத் தரும் நிரல்கூற்றையே பயன்படுத்துங்கள். இந்த மாற்றியின் வாசிப்பு இரு அந்தங்களிலும் வளைந்துபோகும்.

25 பாகையில் 1.65 வோல்ற், 40 இல் ஏறத்தாழ 1.14, 60 இல் 0.66 வர வேண்டும். 0.2 வோல்ற்றுக்குக் கீழே போனால் அது 100 பாகைக்கு மேல், 2.9 ஐத் தாண்டினால் மறை 14 பாகை. நமது தகட்டில் இரண்டும் நடக்காது. ஆகவே முன்னது வயர் குறுஞ்சுற்று, பின்னது வயர் அறுந்தது. இந்த எல்லைச் சோதனையை உணரி முனையிலேயே செய்து, "உணரி பழுது" என்று செய்தியிலேயே சொல்ல வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அறுந்த வயர் கடுங்குளிராக வாசிக்கப்படும், கட்டுப்படுத்தி விசிறியை நிறுத்தும், தகடு எரியும்.

ஒரு தெர்மிஸ்டரைத் தகட்டிலும் மற்றதை விசிறிக்குள் நுழையும் காற்றிலும் வையுங்கள். இரண்டாவதை வீண் என்று நினைக்க வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும் மத்தியானத்துக்கும் விடியற்காலைக்கும் இடையே அறை வெப்பம் பல பாகை மாறும். காற்றின் வெப்பநிலை பதியாத தரவை நாளைக்கு நாள் ஒப்பிட முடியாது.

செய்தி எண் 200, 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, 8 பைற். முதல் இரண்டில் தகட்டு வெப்பநிலை, அடுத்த இரண்டில் காற்று வெப்பநிலை (பத்தில் ஒரு பாகை அலகில், மறைப் பெறுமானம் வராதிருக்க 400 கூட்டி), ஐந்தாவதில் பழுதுக் குறி, ஆறாவதில் 0 இலிருந்து 14 வரை ஓடும் எண்ணி, ஏழாவது வெறுமை, எட்டாவதில் 8 பிற் சரிபார்ப்புத் தொகை. எண்ணியில் 15 வந்தால் செல்லாது.

கேனுக்கே சொந்தமாக 15 பிற் சரிபார்ப்பு இருக்கும்போது இது ஏன்? வயரில் கெட்ட செய்தியை கேன் பிடிக்கும். ஆனால் உணரி முனையின் நிரல் உறைந்து, பழைய வெப்பநிலையையே மறுபடி மறுபடி அனுப்பினால் அதைப் பிடிக்காது, வயரைப் பொறுத்தவரை அது பழுதற்ற செய்தி. நகராத எண்ணிதான் அதைக் காட்டிக்கொடுக்கும். உண்மையான கார்களிலும் இதே உத்தி இருக்கிறது.

மூன்றாம் படி: விசிறியும் சூடும்

சூட்டுத் தடையியைத் தகட்டில் வெப்பப் பசை பூசி இறுக்கித் திருகுங்கள். அருகில் வெப்பச் சுவிச். தகட்டை மாபிள் ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள், பலகை வேண்டாம். 12 வோல்ற் பாதை இப்படிப் போக வேண்டும்: மின்வழங்கி, 3 அம்பியர் பியூஸ், வெப்பச் சுவிச், சூட்டுத் தடையி, மொஸ்பெற், தரை. பியூசை விட்டுவிட வேண்டாம். கணினி மின்வழங்கி குறுஞ்சுற்றில் வயரை உருக்கும் அளவுக்கு மின்னோட்டம் தரும். அதை இயக்க, பெரிய இணைப்பியிலுள்ள பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் போதும்.

மொஸ்பெற்றின் கேற் 220 ஓம் வழியாகக் கட்டுப்படுத்திப் போர்ட்டின் 26 ஆம் முனைக்கு, கேற்றிலிருந்து தரைக்கு 10 கிலோஓம். ஈஎஸ்பி32 இறந்தாலும் மீளத் தொடங்கினாலும் அந்த 10 கிலோஓம் கேற்றைத் தரைக்கு இழுத்துச் சூட்டை நிறுத்திவிடும்.

விசிறியின் நான்காவது வயர் வேகக் கட்டளைக்கு. அது 25 கிலோஹேற்ஸ் துடிப்பை எதிர்பார்க்கும். உள்ளேயே மேலிழுப்புத் தடையி இருப்பதால், அந்த வயரை வெறுமனே விட்டால் விசிறி முழு வேகத்தில் ஓடும். இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக்க வேண்டும். வயரை ஈஎஸ்பி32 இல் நேரடியாகச் செருகாமல் 2என்3904 இன் கலெக்டரில் கொடுங்கள். பேஸ் 4.7 கிலோஓம் வழியாக 25 ஆம் முனைக்கு, பேஸிலிருந்து தரைக்கு 10 கிலோஓம். கட்டுப்படுத்தி செத்தால் திரான்சிஸ்டர் அணையும், விசிறி முழு வேகம் எடுக்கும். திரான்சிஸ்டர் கட்டளையைத் தலைகீழாக்கும் என்பதை மறக்காதீர்கள்: 80 வீத வேகம் வேண்டுமானால் நிரலில் 20 வீதம்.

மூன்றாவது வயர் வேகத்தைச் சொல்லும். 10 கிலோஓம் வழியாக 3.3 வோல்ற்றுக்கு மேலிழுத்து 27 ஆம் முனையில் எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்பதால், செக்கனுக்கு வரும் துடிப்பை 30 ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்று.

இங்கே ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்று: ஈஎஸ்பி32 இல் துடிப்பை உருவாக்குவது தனி வன்பொருள். நிரல் உறைந்தாலும் அது கடைசிக் கட்டளையை அப்படியே தொடரும். சூடும் அப்படியே. ஆகவே ஒரு செக்கன் வொச்டொக் (நிரல் உறைந்தால் போர்ட்டை மீளத் தொடக்கும் காவல் கடிகாரம்) கட்டாயம். நிரல் அதைத் தொடாவிட்டால் போர்ட் மீளத் தொடங்கும், அதன் கால்கள் தளரும், இழுப்புத் தடையிகள் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோகும். அதையும் தாண்டி ஏதும் நடந்தால் நிரலோடு சம்பந்தமே இல்லாத வெப்பச் சுவிச் இருக்கிறது.

நான்காம் படி: கட்டுப்பாட்டு விதி

இலக்கு 55 பாகை. 10 ஓமில் 12 வோல்ற் கொடுத்தால் 14.4 வாற்று. விகித, தொகையீட்டுக் கட்டுப்பாடு போதும்: இப்போதைய வழுவுக்கும், இதுவரை சேர்ந்த வழுவின் தொகைக்கும் ஏற்ப விசிறி வேகத்தை மாற்றுவது. ஊகித்து எண் போடாமல் முதலில் தகட்டையே கேளுங்கள்.

சூட்டை முழுதாகக் கொடுத்து விசிறியை 30 வீதத்தில் விடுங்கள். வெப்பநிலை அசையாமல் நின்றதும் 60 வீதத்துக்கு உயர்த்திப் பதியுங்கள். வெப்பச் சுவிச் திறந்துகொண்டால் 40 இல் தொடங்குங்கள். பதிவிலிருந்து மூன்று எண்கள் எடுக்க வேண்டும்: மொத்தம் எத்தனை பாகை இறங்கியது, இறங்கத் தொடங்கமுன் எத்தனை செக்கன் தாமதம், தொடங்கியபின் மொத்த இறக்கத்தின் 63 வீதத்தை அடைய எத்தனை செக்கன்.

உதாரணமாக 9 பாகை, 10 செக்கன், 110 செக்கன் என்று வைப்போம். ஈட்டம் 9 ÷ 30 = 0.3 பாகை, ஒரு வீதத்துக்கு. வளையம் 50 செக்கனில் அடங்க வேண்டுமென்றால் விகித மாறிலி 110 ÷ (0.3 × (50 + 10)) = ஏறத்தாழ 6.1. தொகையீட்டு நேரம் 110 செக்கன். செக்கனுக்கு ஒருமுறை கணித்தால் போதும். வெப்பம் கூடினால் வேகம் கூட வேண்டும் என்பதால் வழு என்பது அளந்தது கழித்தல் இலக்கு. குறியை மாற்றிப்போட்டால் சூடு ஏற ஏற விசிறி வேகம் குறையும்.

கட்டளை 100 வீதத்தைத் தொட்டபின்னும் தொகையீடு கூடிக்கொண்டே போக விடாதீர்கள். மத்தியானச் சூட்டில் விசிறி நெடுநேரம் முழு வேகத்தில் ஓடினால் அந்தத் தேக்கம் வெளியேற நிமிடக்கணக்கில் எடுக்கும், தகடு ஆறிய பின்னும் விசிறி கத்திக்கொண்டிருக்கும். எல்லையைத் தொட்டதும் தொகையீட்டை நிறுத்துங்கள். கீழெல்லை 25 வீதம். அதற்குக் கீழே பல விசிறிகள் நின்று நின்று ஓடும்.

பாதுகாப்பு விதி இதற்கெல்லாம் மேலானது. 300 மில்லிசெக்கனுக்குள், அதாவது மூன்று செய்திக் காலத்துக்குள், நல்ல செய்தி வராவிட்டால், எண்ணி நகராவிட்டால், பழுதுக் குறி எழுந்தால், விசிறி சுற்றாவிட்டால்: சூடு நிறுத்தம், விசிறி முழு வேகம். தொடர்ந்து பத்து நல்ல செய்தி வந்த பிறகுதான் வழமைக்குத் திரும்பலாம். ஒரே நல்ல செய்தியில் திரும்பினால், தளர்ந்த இணைப்பியில் அது நிமிடத்துக்குப் பலமுறை மாறிமாறி ஓடும்.

ஐந்தாம் படி: உடைத்துப் பாருங்கள்

ஆய்வின் கனமான பகுதி இதுதான், அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு பழுதையும் பலமுறை செய்து, பழுது நேர்ந்த கணத்திலிருந்து பாதுகாப்பு நிலைவரை எத்தனை மில்லிசெக்கன் என்று பதியுங்கள். சராசரியை விட மிக மோசமான பெறுமானமே முக்கியம். வாகனப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 26262 கேட்பதும் இந்தக் காலத்தைத்தான்: பழுது ஆபத்தாக மாறுமுன் நீங்கள் எவ்வளவு விரைவாகச் செயற்படுகிறீர்கள்?

தெர்மிஸ்டர் வயரைக் கழற்றுங்கள், பிறகு குறுஞ்சுற்றாக்குங்கள். உணரி முனையின் மின்சாரத்தை நிறுத்துங்கள். உணரி நிரலில் ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் பழைய செய்தியையே அனுப்ப வையுங்கள். கட்டுப்படுத்தியை முடிவற்ற சுழலில் மாட்டுங்கள். பேனையால் விசிறி இறக்கையைத் தடுங்கள். கேன்-எச், கேன்-எல் இரண்டையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள்.

கடைசிச் சோதனையில் ஒரு விசயம் தெரியவரும். அனுப்பும் முனையின் பிழை எண்ணி 255 ஐத் தாண்டியதும் அது இணைப்பிலிருந்து தானே விலகிவிடும். வயரைச் சரிசெய்தாலும் ஈஎஸ்பி32 தானாகத் திரும்பாது. நிரல் மீட்சியைக் கோரி, அது முடிந்ததும் கேனை மறுபடி தொடக்க வேண்டும். இதை எழுதாதவர்களின் மேசையில் உணரி நிரந்தரமாக மௌனமாகிவிடும்.

ஆறாம் படி: அடைபட்ட காற்று வடியை (பில்டரை) கண்டுபிடித்தல்

ஹைபிரிட் பற்றரி விசிறியின் காற்று வழி தூசியால் அடைபடுவது கராஜ்களில் அடிக்கடி காணும் பழுது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடும் கார்களுக்குக் கடற்கரை மணலும் சேரும். எச்சரிக்கை விளக்கு எரியுமுன் இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. நமது மேசை அதற்குப் போதும்.

தகடு நிலையாக நிற்கும்போது, கொடுக்கும் வாற்றைத் தகட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் வகுங்கள். தகடு 55, காற்று 32 என்றால் 14.4 ÷ 23 = 0.63 வாற்று, ஒரு பாகைக்கு. மின்வழங்கி 11.8 வோல்ற்றுக்கு இறங்கினால் வலு 13.9 ஆகிவிடும், ஆகவே வோல்ற்றளவையும் பதியுங்கள். விசிறியின் வெவ்வேறு வேகங்களில் இந்த எண்ணை எடுத்து ஒரு சுத்தமான வளைகோடு வரையுங்கள். பிறகு விசிறி வாயில் மெல்லிய பருத்தித் துணியை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு என்று கட்டி மறுபடி அளவுங்கள். அதே சுற்று வேகத்தில் எண் எவ்வளவு விழுகிறது என்பதே அடைப்பின் அளவு. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. கட்டுப்படுத்தி விசிறியை வேகமாக்கி 55 ஐக் காப்பாற்றி, அடைப்பை மறைத்துவிடும்.

ஏழாம் படி: காரைக் கேட்டல்

செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள், மூடியைக்கூடத் திறக்காதீர்கள். அவை உயர் வோல்ற்றளவு. நமக்கு வேண்டியது ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைப் பரிசோதனை இணைப்பி மட்டுமே. 6 கேன்-எச், 14 கேன்-எல், 5 தரை, 16 பற்றரியின் 12 வோல்ற்.

மொடியூலிலுள்ள 120 ஓமைக் கழற்றுங்கள். காரில் ஏற்கெனவே இரண்டு உண்டு. 16 ஆம் முனையில் 1 அம்பியர் பியூஸ், அடுத்து 24 வோல்ற் டிவிஎஸ் இருவாயி (திடீர் வோல்ற் ஏற்றத்தை அடக்குவது), பிறகு எல்எம்2596 என்ற வோல்ற் இறக்கி மூலம் 5 வோல்ற். லப்டொப்பைச் சார்ஜரில் போடாமல் அதன் பற்றரியில் ஓட்டுங்கள்.

முதலில் கேட்பு மட்டும் முறையில், கார் நிற்கும்போது. பிறகு அந்த முறையை எடுத்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். நூல்கள் இந்த எண்களைப் பதினறும முறையில் தரும், இங்கே தசமத்தில்: செய்தி எண் 2015, பைற்றுகள் 2, 1, 12, மீதி 0. எஞ்சின் கணினி 2024 இல் பதில் தரும்: 4, 65, 12, பிறகு இரண்டு பெறுமானம். முதலாவதை 256 ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டி 4 ஆல் வகுத்தால் நிமிடச் சுற்று. 26, 248 வந்தால் 1726. 12 க்குப் பதிலாக 13 கேட்டால் வேகம், 5 கேட்டால் குளிர்நீர் வெப்பநிலை (40 கழிக்கவும்), 70 கேட்டால் வெளிக் காற்று (அதிலும் 40 கழிக்கவும்), 66 கேட்டால் மில்லிவோல்ற்றில் கணினியின் வோல்ற்றளவு. எல்லாக் காரும் எல்லாவற்றுக்கும் பதில் தராது. முதலில் 0 ஐக் கேளுங்கள், எவை உண்டென்று நான்கு பைற்றில் சொல்லும். செக்கனுக்குப் பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். இந்தக் கேள்விகளைத் தவிர வேறு எந்தச் செய்தியையும் ஓடும் காருக்குள் அனுப்பக் கூடாது. அதில் பிரேக் கணினியும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஹைபிரிட்டில் கார் ஓடும்போதே நிமிடச் சுற்று 0 காட்டும். அது பிழையல்ல, எஞ்சின் நின்று மோட்டார் இழுக்கிறது.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 16 ஆம் முனைக்குச் சாவி எடுத்த பின்னும் மின் வரும். வைஃபையோடு 100 மில்லிஅம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 அம்பியர்மணி. 35 அம்பியர்மணிப் பற்றரி ஒரு கிழமையில் ஏறத்தாழ பாதி இறங்கிவிடும்.

ஒப்பீட்டுக்கு இரண்டு ஓட்டம் எடுங்கள்: நகருக்குள் நின்று நின்று போவது ஒன்று, கந்தளாய்ப் பக்கம் ஏ6 வீதியில் சீராகப் போவது ஒன்று. இரண்டையும் ஒரே நாளில், வெளிக் காற்று ஒத்திருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும்.

உப்புக் காற்று பற்றி

பிரட்போர்ட்டும் குத்து வயரும் இங்கே நீண்டநாள் தாங்காது. கடற்காற்றில் அவற்றின் தொடுகை கறுத்து, தடை கூடி, வந்து வந்து போகும் பழுதாக மாறும். முதல் சோதனை முடிந்ததும் ஈயம் வைத்த பலகைக்கு மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பு வயர், உட்பசையுள்ள சுருங்கு குழாய், இணைப்பிகளுக்குள் சிலிக்கன் கிறீஸ், பலகைக்கு மேல் காப்புப் பூச்சு. தெர்மிஸ்டர் முனையில் பூச்சுப் படக் கூடாது, வாசிப்பு மந்தமாகும். மாரி தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை எச், எல் இடையே ஓமை அளந்து குறித்துவையுங்கள். 60 ஆக இருந்தது 64, 68 என்று ஏறினால், நிரலில் தேடுவதற்கு முன் இணைப்பிகளைத் திறந்து பாருங்கள்.